வடக்குக் காலைச் சுற்றினால் அரை வினாடி

ஹுவாய்லிங் நகரத்து வளையம் எதற்குப் பயன்படும் என்று யாருக்கும் தெரியாது. கட்டியவர்களுக்கும் தெரியாது என்பதை அவர்களே எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். வடகிழக்குச் சீனாவில் நிலக்கரி தீர்ந்துபோன ஊர் அது. கரி போன பிறகு ஊருக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்று முடிவு செய்து, மூவாயிரம் டன் எஃகில், நூற்று ஐம்பது மீட்டர் உயரத்தில் ஒரு வட்டத்தை நிறுத்தினார்கள். உள்ளே ஒன்றுமில்லை. மேலே போக லிஃப்ட் உண்டு. போனால் மறுபடி கீழே வரலாம். அவ்வளவுதான்.

வெளியுலகம் இதை வேற்றுக்கிரகவாசிகளுக்கான வாசல் என்று கேலி செய்தது. உள்ளூர் ஊகங்கள் இன்னும் வீட்டுப்பாங்கானவை. பெரிய வாஷிங் மெஷின் ஒன்றின் கதவு, பின்னால் இயந்திரம் வரும் என்றார்கள். நகர நிர்வாகம் கணக்குப் பரீட்சையில் வாங்கிய மதிப்பெண் என்றார்கள். பானையை வைத்துவிட்டு மூடி வாங்கப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை என்றார் ஒரு டாக்சி ஓட்டுநர். நகர அழகு அலுவலகத்தின் துணை இயக்குநர் மா, பன்னிரண்டு வருடங்களாக எல்லாப் பத்திரிகைகளுக்கும் ஒரே பதிலை அனுப்பி வந்தார்: "இவ்வளையத்துக்குப் பயன் எதுவும் இல்லை. எனவே தவறாகப் பயன்படுத்தவும் வாய்ப்பில்லை."

ஓசூரிலிருந்து அங்கே வந்து இறங்கிய மருதப்பன் முதல் வேலையாக ஒரு படம் எடுத்துக் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "அண்ணே, மெதுவடை சூப்பர். சட்னி எங்க?"

மருதப்பனுக்கு நாற்பத்தாறு வயது. அலங்கார விளக்குகளுக்கான கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்யும் கம்பெனியில் மூத்த பொறியாளர். வளையத்தின் மீது பன்னிரண்டாயிரம் விளக்குகள் உண்டு. அவை அலைபோல ஓட வேண்டும். ஆனால் வடக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் அலை அறுந்துபோய், ஒரு துண்டு தாமதமாக எழும். கிழிந்த துணியை ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும். பழைய கருவிகளைக் கழற்றிவிட்டு ஓசூர்க் கருவிகளைப் பொருத்தினார்கள். கிழிசல் அதே இடத்தில் இருந்தது. அதனால்தான் மருதப்பன் மூன்று ஸ்வெட்டர்களோடு அனுப்பப்பட்டார். சனிக்கிழமைக்குள் சரிசெய்து கையெழுத்துப் போட வேண்டும்.

விமான நிலையத்தில் அவருக்காகக் காத்திருந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு சீனப் பெண். பெய்ஜிங்கில் நான்கு வருடம் தமிழ் படித்தவர். ஆசிரியர் வைத்த தமிழ்ப் பெயர் அல்லி.

"வணக்கம் ஐயா. தங்கள் பயணம் இனிதாக அமைந்ததா?"

மருதப்பன் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். "என்னையா கேட்டீங்க? அமைஞ்சுச்சும்மா. செம குளிரு."

"செம என்பது மிகுதியைக் குறிக்கும் சொல். அறிவேன். ஆயின் வகுப்பில் கற்பிக்கவில்லை."

"அதெல்லாம் வகுப்புல வராதும்மா. பஸ்ல வரும்."

வளையத்தின் அடிப்பகுதி பூமிக்குள் புதைந்திருப்பதால், அருகே போனால் அது இரண்டு கால்களை ஊன்றி நிற்கும் வளைவாகத்தான் தெரியும். தெற்குக் கால் ஒரு குளத்துக்குள் நின்றது, குளம் உறைந்திருந்தது. வடக்குக் காலைச் சுற்றி வட்டமாக ஒரு நடைபாதை. அதில் ஒரு சுற்றுப் போனால் ஒருமுறை வளையத்துக்குள்ளே நுழைந்து, வெளிப்புறமாகத் திரும்பி வந்ததாக ஆகும். அந்தப் பாதையோரத்தில் எட்டுப் பேனல் பெட்டிகள் இருந்தன. எஃகின் நிழலில் செயற்கைக்கோள் நேரம் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. அதனால் செருப்புப் பெட்டி அளவில் உள்ள துல்லியக் கடிகாரம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, முதல் பேனலிலிருந்து எட்டாவது வரை போய் ஒவ்வொன்றிலும் நேரம் வைத்துவிட்டு, முதல் பேனலுக்குத் திரும்பி ஒப்பிட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம்.

பராமரிப்புப் பதிவேட்டில் பன்னிரண்டு வருடமாக ஒரே வாக்கியம். அல்லி வாசித்தார்: "கடிகாரம் அரை வினாடி முந்துகிறது. பின்னுக்கு வைக்கப்பட்டது. கடிகாரம் அரை வினாடி முந்துகிறது. பின்னுக்கு வைக்கப்பட்டது. ஐயா, இன்னும் நானூறு பக்கங்கள் உள்ளன. வாசிக்கவா?"

"வேணாம்மா. கதை புரிஞ்சுபோச்சு. பெட்டி கெட்டுப்போயிருக்கு."

ஓசூரிலிருந்து கொண்டுவந்த புதிய கடிகாரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருதப்பன் சுற்றக் கிளம்பினார். எட்டுப் பேனலுக்கும் நேரம் வைத்துவிட்டுத் திரும்பி வந்து ஒப்பிட்டார். பெட்டி அரை வினாடி பிந்தியிருந்தது.

முந்தவில்லை, பிந்தியிருந்தது.

மறுபடி சுற்றினார். மறுபடி அரை வினாடி பிந்தியது. மூன்றாவது முறையும் அப்படியே. உள்ளூர்த் தொழில்நுட்பர் தன் பெட்டியோடு ஒரு சுற்றுப் போய் வந்தார். அவருடையது வழக்கம்போல முந்தியது. இரண்டு பேரும் பெட்டிகளை மாற்றிக்கொண்டார்கள். அப்போதும் மருதப்பன் கையில் இருந்தது பிந்தியது, மற்றவர் கையில் இருந்தது முந்தியது. தொழில்நுட்பர் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்ன சொல்றாரு?"

"இந்தியர் கைக்கு வந்தால் கடிகாரம் சோம்பல் அடைகிறது என்று கூறுகிறார். மன்னிக்கவும், நான் மொழிபெயர்க்கத்தான் செய்தேன்."

"பரவால்லம்மா. அவர் கைல இருந்தா அது லீவு கேக்காம ஓடுதுன்னு சொல்லு."

அல்லி சிரிக்கவில்லை. பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, தாங்கள் ஏன் இந்தப் பக்கமாகச் சுற்றினீர்கள்?"

"எந்தப் பக்கமா?"

"கால் தங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி. அவர் இடக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றினார். இங்கு எல்லோருமே அப்படித்தான். விளையாட்டு மைதானத்தில் ஓடுவதுபோல."

மருதப்பன் நின்றார். அதைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை. கோயில் என்றாலும் அரசமரம் என்றாலும் வலமாக வருவதுதான் பழக்கம். ஒன்றைச் சுற்ற வேண்டும் என்றதும் கால் அந்தப் பக்கம் தானாகத் திரும்பிவிடும். இத்தனை பெரிய வடக்குக் காலைப் பார்த்ததும் அவர் கால்கள் அவரைக் கேட்காமலே பிரதட்சிணம் செய்திருந்தன.

"இடமாச் சுத்திப் பாப்போம்," என்றார். சுற்றி வந்தார். பெட்டி அரை வினாடி முந்தியிருந்தது.

அடுத்த இரண்டு நாள் அவர் விளக்கு வேலை எதுவும் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வளையத்துக்குள்ளே நேராகப் போய், போன வழியே திரும்பி வந்தார், வித்தியாசம் இல்லை. உறைந்த குளத்தின் மீது நடந்து இரண்டு கால்களையும் சேர்த்துச் சுற்றினார், வித்தியாசம் இல்லை. ஒரு காலை மட்டும் இடமாகச் சுற்றினால் அரை வினாடி கூடியது, வலமாகச் சுற்றினால் அரை வினாடி குறைந்தது. வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் அதே அரை வினாடிதான். பெட்டிக்குப் பதிலாகத் தன் பழைய சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வலமாக நூறு சுற்று வந்தார். ஐம்பது வினாடி குறைந்தது. மூச்சும் வாங்கியது.

"ஐயா, இதன் பொருள் என்ன?" என்றார் அல்லி.

"கடிகாரம் கெடலம்மா. இடமாச் சுத்துனா, வெளிய ஒரு நிமிஷம் ஆகுறப்ப நமக்கு ஒரு நிமிஷமும் அரை வினாடியும் ஆகுது. நெசமாவே அரை வினாடி கூட வாழ்ந்துட்டு வர்றோம். வலமாச் சுத்துனா அரை வினாடி நாம இல்லாமயே உலகம் ஓடிருது."

"எதனால்?"

"அது தெரியாது. நான் லைட்டுக்காரன்."

"பன்னிரண்டு ஆண்டுகளாக ஒருவருமா கவனிக்கவில்லை?"

"எப்படிக் கவனிப்பாங்க? போன் எல்லாம் தானா நேரத்தத் திருத்திக்குது. பேனல் வித்தியாசம் காட்டுச்சு. அதத் தெனமும் அழிச்சு அழிச்சு எழுதிட்டாங்க."

ஆனால் ஒரு வகையில் கவனித்தவர்கள் இருந்தார்கள். தினமும் காலையில் ஒரே நிற ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கொடி பிடித்து, பாட்டுப் போட்டு, அணிவகுத்து வேகநடை போகும் பெண்கள் கூட்டம் ஒன்று அங்கே உண்டு. பாட்டுப் பெட்டியைத் தரையில் வைத்தால் இரண்டு சுற்றிலேயே கால் தாளம் தவறிப்போகிறது என்று, அவர்கள் பல வருடமாகவே அதைத் தலைவியின் முதுகில் கட்டிவிட்டிருந்தார்கள். காரணம் தேடவில்லை. மருதப்பன் கணக்குப் போட்டுச் சொன்னார்: தினம் முப்பது சுற்று, பத்து வருடம். உலகத்தைவிடப் பதினைந்து மணி நேரம் அதிகமாக வாழ்ந்திருக்கிறார்கள்.

தலைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டதை அல்லி மொழிபெயர்த்தார்: "அந்தப் பதினைந்து மணி நேரமும் நான் இந்தப் பெட்டியைச் சுமந்து நடந்துகொண்டே அல்லவா இருந்தேன்? உறங்கக் கொடுத்திருக்கலாகாதா?"

இவை எல்லாவற்றையும் தள்ளி நின்று ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். உயரமானவர், அறுபத்தெட்டு வயது, கழுத்தில் நிறுத்துக்கடிகாரம். வெள்ளிக்கிழமை பிற்பகல் அவரே அருகில் வந்தார். தொழில்நுட்பர் அல்லியின் காதில் ஏதோ சொல்லிவிட்டு விலகிப் போனார்.

"இவர் பெயர் ஹான் தெகுய்," என்றார் அல்லி. "பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். இவரோடு பேச்சுக் கொடுத்தால் விட மாட்டார் என்று எச்சரிக்கிறார்கள். பழுதுபார்க்க எவர் வந்தாலும், தம் கடிகாரத்தைச் சோதித்துத் தரும்படி கேட்பாராம்."

"பி.டி. மாஸ்டரா? எங்க ஊர்லயும் அவங்க கழுத்துல இதான் தொங்கும். வாங்க மாஸ்டர்."

ஹான் கேட்ட முதல் கேள்வி மருதப்பனைத் திடுக்கிட வைத்தது. "எந்தப் பக்கமாகச் சுற்றினால் கூடுகிறது?"

"இடப் பக்கமா."

"ஓட்டக்காரர்கள் ஓடும் பக்கம்."

"ஆமா."

ஹான் பாதையோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு கதையைச் சொன்னார். வேகமாகவும் உணர்ச்சி காட்டாமலும் சொன்னார். பலமுறை சொல்லி, பலமுறை நம்பப்படாத கதைக்கு வரும் வேகம் அது.

பதினொரு வருடத்துக்கு முன் அவரிடம் லியாங் சின் என்று ஒரு மாணவி இருந்தாள். பதினேழு வயது. பள்ளிக்கு மைதானம் கிடையாது. அவர் நாடா பிடித்து அளந்து, வடக்குக் காலைச் சுற்றிய பாதையில் இருநூறு மீட்டர் கோடு போட்டு, அங்கேதான் பயிற்சி கொடுத்தார். ஐயாயிரம் மீட்டருக்கு இருபத்தைந்து சுற்று. அவர் ஓரத்தில் நின்று நேரம் எடுப்பார். அவளுடைய சிறந்த ஓட்டம் பதினாறு நிமிடம் இருபது வினாடி. மாகாண அணியில் சேரப் பதினாறு இருபத்தைந்து போதும். மூன்று ஓட்டங்களின் நேரத்தை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். மாகாண மைதானத்துக்கு அழைத்தார்கள். அங்கே அவள் பதினாறு முப்பத்தொன்று ஓடினாள்.

"விசாரணை வந்தது," என்றார் அல்லி, ஹானின் வார்த்தைகளை அவர் குரலிலேயே தொடர்ந்து. "பாதையை அளந்தார்கள். சரியாக இருந்தது. கடிகாரத்தைச் சோதித்தார்கள். சரியாக இருந்தது. பாதையும் சரி, கடிகாரமும் சரி என்றால் பொய் மனிதரிடம் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். என்னைப் பணிநீக்கம் செய்தார்கள். காகிதத்தில் 'நேரத்தைப் பொய்யாகப் பதிந்தவர்' என்று இருக்கிறது. எனக்கு வேறொன்றும் வேண்டாம். அந்தச் சொல்லை எடுக்க வேண்டும்."

மருதப்பன் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "மாஸ்டர், நீங்க பொய் எழுதல. அத நான் எழுதித் தர்றேன். நம்பரோட, கையெழுத்தோட தர்றேன்," என்றார்.

அல்லி மொழிபெயர்த்து முடிப்பதற்குள் ஹான் எழுந்துவிட்டார். மருதப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, கையுறையையும் கழற்றாமல், குலுக்கிக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை பத்து மணிக்குத் துணை இயக்குநர் மா வந்தார். குட்டையானவர், ஃபர் தொப்பி போட்டிருந்தார். கையில் பணி நிறைவுப் படிவம். அதில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன: சரிசெய்யப்பட்டது, மாற்றப்பட்டது, உற்பத்தியாளருக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

"கோளாறு லைட்ல இல்லைங்க. வளையத்துல இருக்கு," என்றார் மருதப்பன். "மூணாவதுல டிக் போட்டா மூவாயிரம் டன்ன பார்சல் கட்டணும்."

மாவுக்கு எல்லாவற்றையும் விளக்க அரை மணி நேரம் ஆனது. நம்ப மறுத்தார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுப் போனார், வந்து ஒப்பிட்டார். எதிர்ப்பக்கமாக ஒரு சுற்றுப் போனார்; ஒப்பிட்டார். தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஐயா," என்று அல்லி மொழிபெயர்த்தார், "பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வளையத்துக்குப் பயன் இல்லை, பயன் இல்லை என்று எழுதி எழுதி என் கை தேய்ந்துவிட்டது. உலகமே சிரித்து ஓய்ந்து, இப்போதுதான் மறந்திருக்கிறது. தயவுசெய்து இதற்கு ஒரு பயனை உண்டாக்கி வைத்துவிட்டுப் போகாதீர்கள். நாளைக்கே பெரிய ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள். வேலி போடுவார்கள். அந்தப் பெண்கள் எங்கே நடப்பார்கள்? என்னை வந்துதான் அடிப்பார்கள். அவர்கள் நாற்பது பேர்."

"அது உங்க பாடு. இந்த மனுசன் பதினோரு வருசமாப் பொய்யன்னு பேர் வாங்கிட்டு நிக்கிறாரு. அதுக்கு என்ன சொல்றீங்க?"

மா அப்போதுதான் பெஞ்சில் இருந்த ஹானைக் கவனித்தார். ஒரு காலத்தில் இருவரும் ஒரே தெருவில் இருந்தவர்கள் போலிருக்கிறது. மா குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். ஹான் நிமிரவில்லை. அவர் மடியில் இருந்த நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர், லெட்டரு நாந்தான எழுதுறேன்?" என்றார் மருதப்பன்.

ஹான் நோட்டைத் திருப்பிக் காட்டினார். எண்கள், மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. இருபத்தைந்து சுற்று, சுற்றுக்கு அரை வினாடி, பன்னிரண்டரை வினாடி. அதைப் பதினாறு நிமிடம் இருபது வினாடியோடு கூட்டியிருந்தார். பதினாறு முப்பத்திரண்டரை. அதன் கீழே, மைதானத்தில் ஓடிய நேரம்: பதினாறு முப்பத்தொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. கோட்டின் மேல் பேனா நின்றிருந்தது.

மருதப்பன் இதை நேற்றே போட்டுப் பார்த்திருந்தார். சொல்ல வாய் வரவில்லை.

"நான் வெளியே நின்றேன்," என்றார் ஹான். அல்லி ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துச் சொன்னார். "அவள் உள்ளே ஓடினாள். என் கடிகாரத்தில் பதினாறு இருபது. அவள் கால்களுக்குப் பதினாறு முப்பத்திரண்டரை. அதுதான் அவள் இங்கே ஓடியதில் சிறந்தது. அப்படித்தானே?"

"அப்படித்தான் மாஸ்டர்."

"மைதானத்தில் அதைவிட ஒன்றரை வினாடி குறைந்த நேரத்தில் ஓடினாள். தெரியாத ஊர், முதல் போட்டி. அங்கேதான் வாழ்க்கையிலேயே நன்றாக ஓடியிருக்கிறாள்."

மருதப்பன் தலையசைத்தார்.

ஹான் அடுத்து சொன்னதை அல்லி உடனே மொழிபெயர்க்கவில்லை. ஒருமுறை அவரிடம் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டார். "பந்தயம் முடிந்ததும் அவளிடம், உனக்குக் கால் இருக்கிறது, நெஞ்சு இல்லை என்று சொன்னேன். இங்கே ஓட முடிந்தவளுக்கு அங்கே ஏன் முடியவில்லை? பயந்துவிட்டாய் என்றேன். என் கடிகாரம் பொய் சொல்லாது. ஆகவே நீதான் பொய் என்றேன். விசாரணைக்காரர்கள் என்னிடம் சொன்னதைத்தான் நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பின் அவள் ஓடவில்லை."

வேகநடைப் பெண்கள் பாட்டோடு அவர்களைக் கடந்து போனார்கள். கொடி, ஜாக்கெட்டுகள், முதுகில் பாட்டுப் பெட்டி. மா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கு?" என்றார் மருதப்பன்.

தெற்கே ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள் என்றார் ஹான். பேசிப் பதினொரு வருடம் ஆகிறது. எண் மட்டும் இருக்கிறது, அவளுடைய அம்மா கொடுத்தது.

"பேசுங்க மாஸ்டர்."

"நான் சொன்னால் நம்ப மாட்டாள்."

"நம்பாட்டி நான் இருக்கேன், பெட்டி இருக்கு. அந்தத் தொப்பிக்காரர் இருக்காரு, அவரே சுத்திப் பாத்துருக்காரு. அல்லிம்மா, இத அப்படியே சொல்லு. நல்ல தமிழ்ல மாத்திக்கிட்டு இருக்காத."

"நான் சீனத்தில்தான் சொல்லப் போகிறேன், ஐயா."

ஹான் கையுறையைக் கழற்றினார். போனை ஸ்பீக்கரில் போட்டு பெஞ்சின் மேல் வைத்தார், ஏதோ அது கையில் இருந்தால் அணைத்துவிடுவோம் என்று பயந்தவர்போல. நான்கு முறை மணி அடித்தது. ஒரு பெண் குரல் வந்தது. பின்னால் இரும்புச் சங்கிலி இழுபடும் சத்தம். அல்லி மருதப்பனின் பக்கம் சாய்ந்து மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தார். இப்போது 'கூறுகிறார்', 'வினவுகிறார்' எல்லாம் போய்விட்டன.

"யாரு?"

"ஹான். உன் மாஸ்டர்."

சங்கிலிச் சத்தம் மட்டும் வந்தது.

"சின், ஒரு நிமிஷம் வச்சிராத. வளையத்துல ஒரு கோளாறு இருக்கு. அதச் சுத்தி ஓடுனா வெளிய நிக்கிறவன் கடிகாரத்துல கம்மியாக் காட்டும். இன்னிக்கு அளந்து பாத்துட்டாங்க. ஒரு இந்தியப் பொறியாளர் பக்கத்துலயே இருக்காரு. நீ இங்க ஓடுனது பதினாறு இருபது இல்ல. பதினாறு முப்பத்திரண்டரை."

"இதச் சொல்லவா கூப்பிட்டீங்க? நான் இன்னும் மெதுவா ஓடிருக்கேன்னு சொல்றதுக்கா?"

"இல்ல. இல்லம்மா." ஹான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "மைதானத்துல நீ முப்பத்தொன்னு ஓடுன. உன் வாழ்க்கையில அதவிட நீ நல்லா ஓடுனதே இல்ல. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்க, தனியா, முதல் தடவையா. நான் பக்கத்துல நின்னேன். கடிகாரத்தப் பாத்தேன். உன்னப் பாக்கல."

மறுமுனையில் சங்கிலிச் சத்தம் நின்றது. துறைமுகத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று மா குனிந்து பார்த்தார்.

"மாஸ்டர்," என்றாள் லியாங் சின், "நான் அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேன்."

"என்ன?"

"ஓடி முடிச்சு வந்து சொன்னேன். மாஸ்டர், இன்னிக்கு நான் நல்லா ஓடுனேன்னு சொன்னேன். கால் லேசா இருந்துச்சு, கடைசிச் சுத்துல மூச்சு மிச்சம் இருந்துச்சு, இப்படி ஓடுனதே இல்லன்னு சொன்னேன். நீங்க கடிகாரத்த என் மூஞ்சிக்கு நேராப் பிடிச்சுக் காட்டுனீங்க."

ஹான் கண்ணை மூடிக்கொண்டார். "ஆமா," என்றார். "சொன்ன."

"எனக்குத் தெரியும்ல மாஸ்டர். என் காலு."

"ஆமா."

மருதப்பன் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். அல்லியும் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு அவர் பின்னால் வந்தார். அந்த இருவரும் அதன்பின் என்ன பேசினார்கள் என்று சரியாகத் தெரியாது. நீண்ட பேச்சு இல்லை. நடுவில் ஒருமுறை போனுக்குள்ளிருந்து சிரிப்பா இருமலா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது.

மருதப்பன் படிவத்தைப் பெஞ்சின் மறுமுனையில் வைத்து, மூன்று கட்டங்களையும் அடித்துவிட்டு, கீழே இருந்த குறிப்புப் பகுதியில் எல்லா அளவுகளையும் எழுதினார். ஹான் தெகுய் பதிந்த நேரங்கள் அவர் நின்ற இடத்திலிருந்து உண்மையானவை என்று தனி வரியாக எழுதி அடிக்கோடிட்டார். அல்லி அதைச் சீனத்தில் எழுதினார். மா இரண்டு முறை வாசித்தார். மடித்து, ஃபர் தொப்பிக்குள் வைத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"என்னம்மா பண்றாரு?"

"திங்கட்கிழமை காலை அனுப்பிவிடுவாராம்," என்றார் அல்லி. "கல்வி அலுவலகத்துக்கு ஒரு பிரதி, மேலிடத்துக்கு ஒரு பிரதி. அதுவரைக்கும் வளையத்துக்குப் பயன் இல்லை என்கிறார். இந்தச் சனி ஞாயிறாவது அதை நிம்மதியாக இருக்க விட வேண்டுமாம்."

ஹான் போனை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். முகம் சிவந்திருந்தது, குளிர் காரணமாகவும் இருக்கலாம். நேராக மாவிடம் போனார்.

"அடுத்த ஞாயிறு அவளுக்கு விடுமுறை. வருகிறாள். ஓடிப் பதினொரு வருடம் ஆகிறது, பாதியில் நின்றாலும் நிற்பேன் என்கிறாள். ஆனால் வளையத்தைச் சுற்றி ஓட மாட்டாளாம். எதையும் சுற்றி ஓட மாட்டாளாம். நேராக ஐயாயிரம் மீட்டர் வேண்டுமாம்." அவர் சுற்றும்முற்றும் பார்த்தார், அந்த ஊரை முதல்முறையாகப் பார்ப்பவர்போல. "இந்த ஊரில் அப்படி ஒரு பாதை எங்கே இருக்கிறது?"

அந்தத் துணை இயக்குநர் தன் பணிக்காலத்தில் எந்தக் கேள்விக்கும் இவ்வளவு விரைவாகப் பதில் சொன்னதில்லை.

"பழைய சுரங்கத்து ரயில் பாதை," என்றார் மா. "எட்டு கிலோமீட்டர், ஒரு வளைவும் கிடையாது. பனியை நான் ஆள் வைத்து அள்ளிவிடுகிறேன்."